நொய்யரிசிக்கு வந்த மதிப்பு

திருவண்ணாமலை போன்ற கோயில் நகரங்களில் வீட்டுக்கு வெளியே உண்பது என்பது நெடுங்காலம் யாத்திரையைச் சார்ந்த செயலாகவே இருந்துவந்தது. சத்திரத்துச் சாப்பாடு, கோயில் அன்னதானம், ஆசிரமப் பந்தி, பேருந்து நிலையத்தை ஒட்டிய சாப்பாட்டு ஹோட்டல் என்னும் நான்கு வகைக்குள் அது அடங்கிவிட்டது. இவற்றுள் எதிலும் உணவு தன் பூர்வீகத்தைச் சொல்லிக்கொள்வதில்லை. சோறு ஆரணி அரிசியில் வெந்தது என்பதையோ, காரக்குழம்பில் கிடக்கும் காராமணி எந்த நிலத்தில் விளைந்தது என்பதையோ பரிமாறுபவர் அறிவிப்பதும் இல்லை, இலைமுன் அமர்ந்தவர் கேட்பதும் இல்லை. பசித்தவருக்குச் சூடாகவும் வயிறு நிறையவும் கிடைத்தால் போதும் என்னும் அறமே இவ்வூர் உணவுக்கூடங்களை நடத்திவந்திருக்கிறது. கடந்த முப்பது ஆண்டுகளில் செங்கம் சாலையை ஒட்டிய ரமண நகர்ப் பகுதியில், மார்கழி முதல் பங்குனி வரை தங்கும் வெளிநாட்டவரை நம்பி எழுந்த சிற்றுணவகங்கள் பாஸ்தாவையும் பான்கேக்கையும் ஊருக்குள் கொண்டுவந்தபோதும், அவை எந்த நாட்டின் எந்த வட்டாரத்து உணவு என்பது மெனு அட்டையில் இடம்பெறவில்லை.

ஒரு வட்டாரத்தின் உணவையே தனிப்பொருளாக்கி, அதை வெள்ளைத் துணி விரித்த மேசையில் உயர்ந்த விலைக்குப் பரிமாறும் உணவக மரபு அமெரிக்காவிலும் பழமையானதன்று. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்நாட்டில் உயர்தர உணவகம் என்றால் பிரெஞ்சு உணவகம் என்றே பொருள். மெனுவும் பிரெஞ்சு மொழியிலேயே அச்சிடப்படும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஆலிஸ் வாட்டர்ஸ் 1971இல் தொடங்கிய ஷே பனீஸ் உணவகமும் முதலில் பிரெஞ்சுச் சாயலிலேயே நடந்தது. அங்கே தலைமைச் சமையற்காரராக இருந்த ஜெரமையா டவர் 1976 அக்டோபரில் வட கலிஃபோர்னியாவின் விளைபொருள்களை மட்டுமே கொண்டு ஒரு விருந்தைத் தயாரித்து, அதன் மெனுவை ஆங்கிலத்திலேயே எழுதியதை இம்மரபின் தொடக்கப்புள்ளிகளுள் ஒன்றாகக் கொள்வர். அதே 1976இல் எட்னா லூயிஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி, அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் வர்ஜீனியாவில் அமைத்த ஃப்ரீடவுன் என்னும் தம் ஊரின் சமையலைப் பருவங்களின் வரிசையில் வகுத்து நூலாக்கினார். 1979இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பால் புருதோம் லூசியானாச் சமையலுக்கும், 1983இல் நியூயார்க் நகரில் லாரி ஃபோர்ஜியோன் அமெரிக்க விளைபொருள்களுக்கும் தனி உணவகங்கள் திறந்தனர். இவ்வாறு ஏறத்தாழப் பத்தாண்டுகளில், வீட்டுப் பின்கட்டிலும் வயல்வரப்பிலும் உண்ணப்பட்டவை முன்பதிவு செய்து காத்திருந்து உண்ணும் பண்டங்களாயின.

தமிழ்நாட்டிலும் இதற்கு இணையான மாற்றம் சற்றுப் பிந்தி நிகழ்ந்தது. 1989இல் சென்னையின் நட்சத்திர விடுதியொன்றில் தக்‌ஷின் என்னும் பெயரில் தென்னிந்திய உணவுக்கெனத் திறக்கப்பட்ட உணவகம் அதற்குச் சான்று. ஆயினும் நட்சத்திர விடுதிகள் பெரிதும் எடுத்தாண்டது செட்டிநாட்டுச் சமையலையே என்பதும், வடாற்காட்டு உணவுக்கு, ஆம்பூர் பிரியாணி ஒன்றைத் தவிர, அத்தகைய மேடை எதுவும் அமையவில்லை என்பதும் இங்கே கருதத்தக்கவை. திருவண்ணாமலைக்காரர் ஒருவர் தம் வட்டாரத்து உணவுக்கு ஓர் உயர்ந்த மேசை உண்டா என்று தேடினால் தம் மாவட்டத்தில் அதைக் காணமாட்டார். அதன் நெருங்கிய உறவை எட்டாயிரம் மைலுக்கு அப்பால் காண நேரும் என்பதை இக்கட்டுரையாளரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

வடகரோலைனா மாநிலத்தின் ஷார்லட் நகரில் கணிப்பொறித் துறையில் பணிபுரியும் மகளிடம் தங்கச் சென்ற கட்டுரையாளரும் அவர் மனைவியும், மகளின் வற்புறுத்தலால் தென்கரோலைனாவின் பழைய துறைமுக நகரான சார்லஸ்டனுக்குச் சென்றனர். மகள் பல வாரங்களுக்கு முன்பே ஓர் உணவகத்தில் இடம் பதிவு செய்துவைத்திருந்தாள். அந்நகரைச் சுற்றிய கடலோரத் தாழ்நிலத்தை லோகன்ட்ரி என்பர். உப்பங்கழிகளும், சதுப்புகளும், கடலை நோக்கி மெல்ல ஊர்ந்து செல்லும் ஆறுகளும் நிறைந்த நிலம் அது. அதன் சமையலுக்கு அடிப்படை கோதுமையன்று, அரிசி. அமெரிக்காவைக் கோதுமை ரொட்டியின் நாடாக மட்டும் எண்ணியிருக்கும் தமிழருக்கு இச்செய்தியே முதல் வியப்பாக அமையும்.

உணவகம் பத்தொன்பதாம் நூற்றாண்டு மரவீடு ஒன்றில் இயங்கியது. தெருவுக்குத் தன் பக்கவாட்டை மட்டும் காட்டி, நீளவாக்கில் உள்ளே செல்லும் வீடும், அதன் நீளம் முழுவதும் ஓடும் தூண் வைத்த தாழ்வாரமும் அந்நகர வீடுகளின் தனி அமைப்பாகும். வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் கடற்காற்றுக்கும் ஏற்றதாக அது வகுக்கப்பட்டது. வாயிலை அடுத்த கரும்பலகையில் அன்றைய பொருள்கள் எந்தெந்தப் பண்ணையிலிருந்து வந்தன என்பது சாக்கட்டியால் எழுதப்பட்டிருந்தது. மக்காச்சோளம் இன்ன ஆலையில் அரைபட்டது, இறால் இன்ன கழிமுகத்தில் பிடிபட்டது, தேன் இன்ன தீவினுடையது என்று அது நீண்டது. மேசைக்கு வந்த மெனுவிலும் அன்றைய தேதி அச்சாகியிருந்தது. நாள்தோறும் கிடைக்கும் பொருளுக்கேற்ப மெனுவை மாற்றி அச்சிடுவது இத்தகைய உணவகங்களின் வழக்கமாகும். பரிமாறும் இளைஞர் ஒவ்வொரு பண்டத்தின் வரலாற்றையும் பாடம் ஒப்பிப்பவர்போலச் சொன்னது முதலில் சற்று மிகையாகவே பட்டது. சாம்பாரின் வம்சாவளியைக் கேட்டுவிட்டு யாரும் சோற்றைப் பிசைவதில்லை.

ஆனால் முதலில் வந்த கிண்ணத்தில் இருந்தது அவித்த வேர்க்கடலை. திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களில் மல்லாட்டை என்று வழங்கும் இக்கடலை இவ்வட்டாரத்தின் முதன்மையான பணப்பயிர்களுள் ஒன்று. பௌர்ணமி இரவுகளில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையெங்கும் உப்பிட்டு அவித்துத் தள்ளுவண்டிகளில் விற்கப்படுவது. சார்லஸ்டனில் அதே பண்டம், தோலோடும் உப்புநீரோடும், பீங்கான் கிண்ணத்தில், உரித்த தோலைப் போட இன்னொரு கிண்ணத்துடன் வந்தது. தென் அமெரிக்காவில் தோன்றிய இப்பயிர் போர்த்துகீசியர் வழியே ஆப்பிரிக்கா சென்று, அங்கிருந்து அடிமைக் கப்பல்களோடு வட அமெரிக்காவுக்கு வந்தது. சாலையோரங்களில் அண்டாவில் வைத்து விற்கப்படும் அவித்த கடலையைத் தென்கரோலைனா அரசு 2006இல் தன் மாநிலத்துச் சிற்றுண்டியாகச் சட்டப்படியே அறிவித்தது. கிரிவலப் பாதையில் பத்து ரூபாய்க்குப் பொட்டலம் வாங்கிப் பழகிய கட்டுரையாளரின் மனைவி, மெனுவில் அதற்கிருந்த டாலர் விலையை மனத்துக்குள் ரூபாயாக்கிப் பார்த்துவிட்டு, ஒரு கடலையையும் மீதம் வைக்காமல் உரித்து முடித்தார்.

அடுத்து வந்தது இறாலும் கிரிட்ஸும். கிரிட்ஸ் என்பது உலர்ந்த வெள்ளை மக்காச்சோளத்தைக் கல் இயந்திரத்தில் ரவைபோல் உடைத்து, நீரிலோ பாலிலோ நெடுநேரம் கிளறி, வெண்ணெய் சேர்த்து இறக்கும் ஒருவகைக் களி. அதன் மேல் வதக்கிய இறாலைப் போட்டு உண்பது அக்கடலோர மீனவர்களின் காலை உணவாக இருந்தது. 1982இல் வடகரோலைனாவின் சேப்பல் ஹில் நகரில் குரூக்ஸ் கார்னர் என்னும் உணவகத்தைத் தொடங்கிய பில் நீல் அதை இரவு விருந்துக்குரிய பண்டமாக மாற்றினார். 1985இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் உணவு எழுத்தாளர் கிரெய்க் கிளெய்போர்ன் அதைப் பற்றி எழுதியபின் நாடு முழுவதும் உயர்தர உணவகங்கள் அதை ஏற்றுக்கொண்டன. சைவ உணவினரான மனைவிக்கு இறால் இல்லாமல் கொண்டுவரப்பட்ட கிரிட்ஸை அவர் ஒரு கரண்டி சுவைத்துவிட்டு, "ஏங்க, இது ஆடி மாசம் மாரியம்மன் கோயில்ல ஊத்துற கூழு மாதிரிதானே இருக்கு? வெண்ணெய்தான் தூக்கல். கடிச்சுக்க ரெண்டு சின்ன வெங்காயம் குடுத்திருந்தா நல்லாருக்கும்" என்றார். கேழ்வரகு மாவைப் புளிக்கவைத்து நொய்யோடு காய்ச்சும் ஆடிக்கூழுக்கும் புளிப்பே இல்லாத கிரிட்ஸுக்கும் சுவையில் தொலைவு உண்டு என்றாலும், உழைப்பவர் வயிற்றில் நெடுநேரம் நிற்பதற்காகத் தானியத்தைக் கிளறிக் கெட்டியாக்கும் முறையில் இரண்டும் ஒரே குடும்பத்தவை என்பதை அவர் சரியாகவே கண்டுகொண்டார்.

சைவ உணவினர் அமெரிக்கத் தென்பகுதியில் உண்பது எளிதன்று. கீரையும் அவரையும் பயறும் அங்கே பன்றி எலும்பையோ உப்பிட்டுப் புகையூட்டிய பன்றிக் கொழுப்பையோ இட்டுத்தான் வேகவைக்கப்படுகின்றன. காய்கறி என்ற தலைப்பின்கீழ் மெனுவில் இருந்தவற்றுள் பெரும்பாலானவற்றில் இறைச்சி கலந்திருந்தது. பரிமாறும் இளைஞர் சமையலறைக்கு இருமுறை சென்றுவந்து, எவற்றில் பன்றி இல்லை என்பதைத் தாளில் குறித்துக் காட்டினார். வெண்டைக்காய் ஊறுகாய், வறுத்த வெண்டைக்காய், மோர் சேர்த்த மக்காச்சோள ரொட்டி ஆகியவை அவ்வாறு மேசைக்கு வந்தன. வெண்டைக்காயும் ஆப்பிரிக்காவிலிருந்தே அந்நிலத்துக்கு வந்தது.

நாற்காலியில் சற்று நிமிர்ந்து உட்காரச் செய்தது அதன்பின் வந்த அரிசித் தட்டு. காராமணியின் இனத்தைச் சேர்ந்த சிவப்புப் பயறைச் சோற்றோடு சேர்த்து வேகவைக்கும் ஹாப்பின் ஜான் என்னும் பண்டம் அது. புத்தாண்டு நாளில் உண்டால் ஆண்டு முழுவதும் செல்வம் நிலைக்கும் என்பது தென்பகுதியாரின் நம்பிக்கை. அதற்குப் பயன்பட்டிருந்த அரிசி முழு அரிசியன்று, நொய். நெல்லைக் குத்தும்போதோ அரைக்கும்போதோ உடைந்து விழும் குறுநொய்யை அங்கே மிட்லின்ஸ் என்கிறார்கள். மெனுவில் அதற்குப் பண்ணைப் பெயரும் ரகப் பெயரும் தரப்பட்டிருந்தன. முழு அரிசி கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போக, உடைந்தது அதை விளைவித்த அடிமைகளுக்கும் தோட்ட வீட்டாரின் அன்றாடச் சமையலுக்கும் ஒதுக்கப்பட்டது என்பது அதன் வரலாறு. தமிழ்நாட்டிலும் நொய் என்பது கூலியாள் கஞ்சிக்கும் கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் உரியதாகவே கருதப்பட்டது. விருந்தாளிக்கு நொய்ச்சோறு போட்டவரைப் பற்றி ஊர் பேசும். அந்த நொய், மிருதுவாக வெந்து, ஒன்றோடொன்று ஒட்டியும் ஒட்டாமலும், பயற்றின் சாறு முழுவதையும் உறிஞ்சிக்கொண்டு, அன்றைய உணவில் மிகச் சிறந்ததாக இருந்தது. முழு அரிசியால் இயலாத ஒன்றை உடைந்த அரிசி செய்கிறது. உடைந்த முகங்களின் வழியே மாவுச்சத்து வெளிப்பட்டுச் சாற்றைப் பிடித்துக்கொள்வதால் சோறும் குழம்பும் தனித்தனியே நிற்பதில்லை. வறுமையால் இம்முறையைக் கண்டறிந்தவர்களின் நாக்கும் கூர்மையானதே என்பதை விலை உயர்ந்த தட்டில்தான் உணரவேண்டியிருந்தது என்பது கட்டுரையாளருக்குச் சற்று உறுத்தலாகவே இருந்தது.

அவ்வரிசியின் பெயர் கரோலைனா கோல்ட். முற்றிய நெல்லின் உமி பொன்னிறமாக இருப்பதால் வந்த பெயர் இது. பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் சார்லஸ்டனை வட அமெரிக்காவின் செல்வம் மிகுந்த நகரங்களுள் ஒன்றாக்கியது அங்கு விளைந்த நெல்தான். கடல் ஏற்றத்தின்போது ஆற்றின் நன்னீர் மேலெழுவதைப் பயன்படுத்தி, மரத்தாலான மதகுகளைத் திறந்து வயலுக்குள் நீரைவிட்டும், வற்றத்தின்போது வடித்தும் சாகுபடி செய்தனர். சதுப்புக் காட்டை வெட்டி, மைல் கணக்கில் கரையெழுப்பி, கொசுவும் காய்ச்சலும் நிறைந்த சேற்றில் இறங்கி உழைத்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்க அடிமைகள். இன்றைய செனகல், காம்பியா, சியரா லியோன் பகுதிகளிலிருந்து வந்தவர்களுள் பலர் நெல் சாகுபடியை முன்பே அறிந்தவர்கள் ஆதலால், தொழில்நுட்பமும் அவர்களோடு வந்தது என்று ஜூடித் கார்னி 2001இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அந்த அளவுக்கு ஆப்பிரிக்க அறிவின் பங்கு இல்லை என்று மறுத்த வரலாற்றாசிரியர்களும் உண்டு; இவ்விவாதம் முடிந்தபாடில்லை. மதகின் வடிவம் யாருடையது என்பதில் ஐயம் இருக்கலாம், மண்ணைச் சுமந்தது யார் என்பதில் ஐயமில்லை. 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்ததும் அவ்வுழைப்பு கிடைக்காமற்போயிற்று. லூசியானா, டெக்சஸ், ஆர்க்கன்சா மாநிலங்களில் இயந்திரச் சாகுபடி பரவியது. அடுத்தடுத்து வீசிய புயல்கள் கரைகளை உடைத்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரோலைனாவின் நெல் வணிகம் அடியோடு நின்றது.

1980களில் சவானா நகரக் கண் மருத்துவரான ரிச்சர்ட் ஷுல்ட்ஸ், தம் நிலத்துக்குக் காட்டு வாத்துகளை ஈர்ப்பதற்காக அரசின் விதை வைப்பகத்திலிருந்து அந்நெல்லைப் பெற்று விதைத்தார். 1998இல் க்ளென் ராபர்ட்ஸ் தொடங்கிய ஆன்சன் மில்ஸ் நிறுவனம் அதையும் பழைய மக்காச்சோள, பயறு ரகங்களையும் பயிரிடச்செய்து உணவகங்களின் சமையற்காரர்களுக்கு நேரடியாக அனுப்பியது. அவர்கள் அதன் பெயரை மெனுவில் எழுதினார்கள். மெனுவைப் படித்தவர்கள் அதை விலைகொடுத்து வாங்கினார்கள். இதற்கு இணையாகத் தமிழ்நாட்டில் நிகழ்ந்தது வேறு வகையானது. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன், இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் வழிகாட்டலில் 170க்கும் மேற்பட்ட மரபு நெல் ரகங்களை மீட்டார். இரண்டு கிலோ விதையைப் பெறும் உழவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித்தர வேண்டும் என்பதே அவர் வகுத்த எளிய விதி. 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் நகரத்துக் கடைகளில் கிடைக்கும் பெயர்களாகியிருந்தன. ஆனால் அவை இங்கே மருந்தின் மொழியில் விற்கப்படுகின்றன. திருவண்ணாமலைக் கடைகளில் ஜவ்வாது மலைச் சாமையின் பொட்டலத்தின்மேல் சர்க்கரை நோயும் நார்ச்சத்தும் பேசப்படுகின்றனவே அன்றி, அது எப்படி மணக்கும், எந்தக் குழம்புக்கு ஏற்றது என்பது பேசப்படுவதில்லை. நாக்குக்காக மீண்ட தானியத்தையும் நோய்க்காக மீண்ட தானியத்தையும் ஒப்பிட்டால் முன்னதற்கே ஆயுள் மிகுதி என்று தோன்றுகிறது. சுவைத்து உண்டவர் மறுமுறை கேட்பார், மருத்துவர் சொல்லி உண்பவர் சர்க்கரை அளவு குறைந்ததும் நிறுத்திவிடுவார்.

மேசையைச் சுற்றிப் பார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. கரும்பலகை பண்ணைகளைப் பெயர்சொல்லிப் போற்றியது. அச்சமையலை உருவாக்கியவர்களின் வழித்தோன்றல்களான கல்லா கீச்சி மக்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தீவுகளில் தனித்து வாழ்ந்து மொழியையும் சமையலையும் காத்துக்கொண்ட ஆப்பிரிக்க வம்சாவளியினரான இவர்களின் கடலோரப் பகுதியை அமெரிக்க நாடாளுமன்றம் 2006இல் பண்பாட்டு மரபுப் பகுதியாக அறிவித்தது. அன்று அக்கூடத்தில் உண்டுகொண்டிருந்தவர்களுள் கறுப்பினத்தவர் மிகச் சிலரே. அந்நகரின் கிங் தெருவில் இருந்த கடையொன்றின் உணவு மேடையில் அமரக் கறுப்பினத்தவருக்கு உரிமை இல்லாதிருந்ததும், 1960 ஏப்ரல் 1ஆம் நாள் பர்க் உயர்நிலைப் பள்ளி மாணவர் 24 பேர் அங்கே அமர்ந்து, உணவு மறுக்கப்பட்டும் எழாமல் கைதானதும், 1964இன் குடிமை உரிமைச் சட்டத்துக்குப் பின்னரே உணவகக் கதவுகள் எல்லோருக்கும் திறந்ததும் வரலாறு. தமிழருக்கு இதைப் புறத்தே நின்று பார்க்கும் தகுதி இல்லை. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியின் முரளி கபே பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் இயக்கம் மாதக்கணக்கில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. திருவண்ணாமலையிலும், ரமண மகரிஷி வாழ்ந்த காலத்து அவரது ஆசிரம உணவுக்கூடத்தில் பிராமணருக்கும் ஏனையோருக்கும் இடையே தடுப்பு ஒன்று வைக்கப்பட்டிருந்ததும், அவர் இரு பகுதியினருக்கும் தெரியுமாறு அமர்ந்து உண்டதும் அக்கால அடியவர்களின் நினைவுக்குறிப்புகளில் பதிவாகியுள்ளன. விடியலுக்கு முன்பே சமையற்கட்டில் அமர்ந்து காய் நறுக்கியவரும், தமக்கென ஒரு கரண்டி கூடுதலாகப் பரிமாறப்பட்டாலும் மறுத்தவருமான அவரது பந்தியிலும் தடுப்பு இருந்தது என்பது ஊர் வழக்கத்தின் அன்றைய வலிமையைக் காட்டுகிறது.

இறுதியாக எள் அடைகள் வந்தன. பென்னே என்று அங்கே வழங்கும் எள்ளும் மேற்கு ஆப்பிரிக்கரோடு வந்ததே. பழுப்புச் சர்க்கரையும் வெண்ணெயும் கூட்டி, காகிதம்போல மெல்லியதாகச் சுட்ட அவ்வடைகளைத் திருவண்ணாமலைத் தேர்வீதியில் விற்றால் ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

பில் வந்தபோது மகள் அதன் அடியில் இருபது விழுக்காடு கூட்டி எழுதினாள். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி டிப்ஸ் பெறும் பணியாளருக்கு முதலாளி தரவேண்டிய அடிப்படைக் கூலி மணிக்கு 2.13 டாலர் மட்டுமே. 1991 முதல் அது மாறவில்லை, தென்கரோலைனாவில் அதற்கு மேற்பட்ட மாநிலச் சட்டமும் இல்லை. பொதுக் குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலரை எட்டும் மீதியை உண்பவர் தரும் டிப்ஸ் நிரப்புகிறது. நிரம்பாவிட்டால் முதலாளி ஈடுசெய்ய வேண்டும் என்பது விதி. உள்நாட்டுப் போருக்குப் பின், விடுதலை பெற்ற கறுப்பினத்தவரைக் கூலியின்றியோ மிகக் குறைந்த கூலிக்கோ டிப்ஸை நம்பி உணவகங்களிலும் ரயில் பெட்டிகளிலும் வேலைக்கு அமர்த்திய பழக்கத்தோடு இம்முறை வேரூன்றியது. சமையலறைக்கு இருமுறை நடந்து பன்றியில்லாத பண்டங்களைக் குறித்துவந்த இளைஞரின் இரக்கத்துக்கு யார் கூலி தருவது என்பது கடைசியில் மேசையில் அமர்ந்தவரின் மனத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. ஆரணிச் சாலை ஹோட்டல்களில் பரிமாறுபவர் நிலை இதைவிட மேல் என்று சொல்வதற்கில்லை. எனினும் அங்கே கூலியைத் தருவது முதலாளி என்பதிலாவது குழப்பமில்லை.

சார்லஸ்டன் மேசையில் எழுந்த உறுத்தலுக்கு ஒருவகை விடை பின்னாளில் நியூயார்க்கிலிருந்து வந்தது. மதுரைப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்த விஜய் குமார், 2021இல் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் திறந்த செம்மா உணவகத்தின் தலைமைச் சமையற்காரரானார். 2022இல் அதற்கு மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. 2025 ஜூனில் சிகாகோவில் நடந்த ஜேம்ஸ் பியர்டு விருது விழாவில் நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையற்காரருக்கான விருதை அவர் வேட்டி கட்டிக்கொண்டு மேடையேறிப் பெற்றார். செம்மாவின் புகழ்பெற்ற பண்டம் நத்தைப் பிரட்டல். வயலில் நத்தை பொறுக்கி உண்பது வறியவர் வழக்கம் என்று சிறுவயதில் பள்ளித் தோழர்களிடம் மறைத்த உணவு அது என்று அவர் பேட்டிகளில் கூறியிருக்கிறார். கரோலைனாவின் நொய்யைப் பலகாலம் மேசையேற்றியவர்கள் பெரும்பாலும் அதை உண்டு வளராதவர்கள். நத்தையை மேசையேற்றியவர் அதைப் பொறுக்கியவரே. உயர்தர வட்டார உணவகம் என்னும் அமைப்பில் மதிப்பது எதை, ஐயுறுவது எதை என்று கேட்டால், இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டையே கட்டுரையாளர் சுட்டுவார். தட்டின் விலை அதற்கு அடுத்த கேள்விதான்.

ஊர் திரும்பியபின் ஆரணியில் அரிசி ஆலை நடத்தும் உறவினரிடம் நொய் எங்கே போகிறது என்று கட்டுரையாளர் விசாரித்தார். மாவு மில்லுக்கும் கோழித்தீவனத்துக்கும் போவதாக அவர் சொன்னார். ஒருவர் நொய்யை விருந்தில் வைத்து டாலரில் விலை வாங்குவதை அவர் நம்பவில்லை. நாட்டளவில் பார்த்தால் எத்தனால் ஆலைகளும் அதை வாங்குகின்றன. மீதியில் பெரும்பங்கு ஏற்றுமதியாகிவந்தது. உள்நாட்டு விலையேற்றத்தைக் காரணம் காட்டி இந்திய அரசு 2022 செப்டம்பரில் நொய் ஏற்றுமதியைத் தடைசெய்தபோது முதலில் திண்டாடிய நாடுகளுள் செனகலும் ஒன்று. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் இந்தோசீனாவிலிருந்து மலிவாக வந்திறங்கிய நொய்க்குப் பழகிய அந்நாட்டவர், முழு அரிசியைவிட நொய்யையே விரும்பி வாங்குபவர்கள். மீனும் தக்காளியும் நொய்யும் ஒரே சட்டியில் வேகும் அவர்களது செபுஜென் என்னும் பண்டம் 2021இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. சார்லஸ்டனின் தக்காளிச் சோற்றுக்கு மூதாதை அதுவே என்பது உணவு வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. 2025 மார்ச்சில் தடை நீங்கி, டாக்கர் துறைமுகத்துக்கு இந்திய நொய் மீண்டும் போகத் தொடங்கியிருக்கிறது.